யூட்டா கெப்பிட்டல் ரீஃப் பூங்காவை நாமே கார் ஓட்டிப் பார்க்க: திருமலையிலிருந்து போறவைக்கு

சோலையடி

செப்டெம்பர் கடைசிக் கிழமை சோல்ட் லேக் சிட்டிக்குக் குடும்பமாப் போறம். நாலு பேர், பிள்ளையளுக்கு 6 வயசும் 10 வயசும். அங்க கார் வாடகைக்கு எடுத்து, ஒரு பாலைவன மலையிடுக்குப் பூங்காவை வழிகாட்டி இல்லாமல் நாங்களே ஓட்டிப் பார்க்க யோசனை. ஸயன், கிராண்ட் கெனியன், கெப்பிட்டல் ரீஃப் மூண்டும் மனசில இருக்கு. ரெண்டு இரவுதான் ஒதுக்கலாம். எந்தப் பூங்கா நல்லம்? என்ன கார்? எங்கட லைசென்ஸ் செல்லுமா? இதுவரைக்கும் இடப்பக்கத்திலதான் ஓட்டினது, வலப்பக்கம் எண்டால் எங்க பிழைக்கும்? தெரிஞ்ச ஆக்கள் விபரமாச் சொல்லுங்கோ.

யூட்டா_திருமலையான்

ரெண்டு இரவு எண்டால் கெப்பிட்டல் ரீஃப். ஸயனில முக்கியமான பள்ளத்தாக்கு றோட்டுக்குள்ள வருசத்தில பெரும்பகுதி சொந்தக் கார் விடமாட்டினம், பூங்கா பஸ்ஸிலதான் ஏற வேணும். நீங்கள் கேக்கிறது நீங்களே ஓட்ட. கிராண்ட் கெனியன் சோல்ட் லேக்கில இருந்து தூரம், வந்துபோற ஓட்டத்திலேயே உங்கட நாள் முடிஞ்சிடும்.

காசு விசயமும் இருக்கு. 2026 ஜனவரி 1 முதல், அமெரிக்காவில வசிக்காதவையிட்ட, சனம் கூடப் போற 11 தேசியப் பூங்காவில வழமையான கட்டணத்துக்கு மேல, 16 வயசும் அதுக்கு மேலயும் உள்ள ஆக்களுக்குத் தலைக்கு 100 டொலர் வாங்கினம். ஸயன், கிராண்ட் கெனியன், பிரைஸ் கெனியன் மூண்டும் அந்த 11க்குள்ள. கெப்பிட்டல் ரீஃப் இல்லை. இங்க ஒரு வாகனத்துக்கு 20 டொலர், 7 நாளைக்குச் செல்லும், அதுவும் சீனிக் டிரைவ் எண்ட உள்றோட்டுக்கு மட்டும். பூங்காவை ஊடறுத்துப் போற 24ஆம் இலக்க நெடுஞ்சாலையில ஓடக் காசு இல்லை. அதிலயே பாறைச் சித்திரம், பழைய பள்ளிக்கூடம், பனோரமா முனை எல்லாம் பார்க்கலாம். வெளிநாட்டவருக்கான 250 டொலர் வருடப் பாஸ் ஒரு பூங்காவுக்காக வேண்டத் தேவையில்லை.

சோல்ட் லேக்கில இருந்து ஐ-15 நெடுஞ்சாலையில தெற்க இறங்கி, சலைனா பக்கமாத் திரும்பி, 24ஐப் பிடிச்சால் டொரி எண்ட சின்ன ஊர். மொத்தம் 220 மைல் அளவில, அதாவது 350 கிலோமீற்றர், மூண்டரை மணித்தியாலம். டொரியில படுக்கலாம். அங்கயிருந்து பூங்கா அலுவலகம் 11 மைல்.

ஒண்டு மறக்க வேண்டாம்: இறங்கின அண்டைக்கோ அடுத்த நாளோ இந்த ஓட்டத்தை வைக்காதையுங்கோ. அந்த நேரத்தில திருமலைக்கும் யூட்டாவுக்கும் பதினொன்றரை மணித்தியால வித்தியாசம். எங்கட நடுச்சாமம் அங்க பகல். நித்திரை தூக்குற நேரத்தில நேர்ச் சீரான நெடுஞ்சாலை மகா ஆபத்து. ரெண்டு இரவு நல்லாப் படுத்தெழும்பிப் போங்கோ.

கிண்ணியா_ஓட்டுநர்

லைசென்ஸ் பத்திக் கேட்டீங்க. கொழும்பில ஓட்டோமொபைல் அசோசியேசன் ஒஃப் சிலோன் சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் குடுக்குது. ஒரு வருசத்துக்குச் செல்லும். தனிய அதுமட்டும் காட்டினா பிரயோசனம் இல்ல, நம்ம சாரதி அட்டையும் கூட இருக்கணும். பாஸ்போர்ட்டோட மூணையும் ஒரே உறையில போட்டு ஆள்கிட்டயே வைங்க, டிக்கிப் பைக்குள்ள போடாதீங்க.

வாடகைக் கவுண்டரில கேக்கிற கிரெடிட் கார்ட் ஓட்டுறவர்ர பேரில இருக்கணும். முற்பணம் எண்டு ஒரு தொகையை அதில பிடிச்சு வைப்பாங்க, கார் திருப்பிக் குடுத்த பிறகுதான் விடுவாங்க. லிமிட் பத்தாட்டி திறப்பு கைக்கு வராது. கார்ட் வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்திருக்கா எண்டு இங்க பேங்க்ல கேட்டுட்டுப் போங்க.

இன்சூரன்ஸ் ரெண்டு வகை. அந்தக் காருக்கு வாற சேதத்துக்கு ஒண்டு, நம்மால மத்தவங்களுக்கு வாற சேதத்துக்கு ஒண்டு. மலிவா இணையத்தில பதியிறதில முதலாவது மட்டும் போட்டிருப்பாங்க. ரெண்டும் இருக்கா எண்டு பேப்பரைப் பார்த்துக் கேளுங்க. அங்க ஆஸ்பத்திரிச் செலவு தாங்காது.

பிள்ளைக்கு: யூட்டாச் சட்டப்படி 8 வயசுக்குக் கீழ, உயரம் 57 அங்குலம், அதாவது 145 சென்ரிமீற்றர் எட்டாத பிள்ளை, பிள்ளைச் சீட்டிலயோ பூஸ்டர்லயோ இருக்கணும். உங்கட 6 வயசுக்காரருக்குக் கட்டாயம். முன்சீட்டு மடியில வைக்கிற பழக்கத்தை இங்கயே விட்டுட்டுப் போங்க. 10 வயசுக்குப் பட்டி போதும், பின் சீட்டில.

காருக்கு நான் சொல்றது நாலு சில்லும் இழுக்கிற ஜீப். மண் றோட்டு இருக்கிற பூங்கா.

யூட்டா_திருமலையான்

நானா, கார் விசயத்தில மட்டும் நான் மாறிச் சொல்லுறன். சீனிக் டிரைவ் கிட்டத்தட்ட 8 மைல், தார் போட்டது. அதில இருந்து பிரியிற ரெண்டு கிளையும்தான் மண்: கிராண்ட் வொஷ் ஒண்டேகால் மைல் அளவில, கடைசியில கெப்பிட்டல் கோர்ஜ் ரெண்டு மைல் சொச்சம். காய்ஞ்ச நாளில சாதாரண செடான் கார் ரெண்டிலும் போய் வரும். 27 அடி நீளமான வீட்டு வண்டியளையே அதுக்குள்ள விடினம். ஜீப்புக்குக் குடுக்கிற மிச்சக் காசைத் தங்குமிடத்துக்குப் போடலாம்.

ஜீப் எடுத்தால் வாற பெரிய கெடுதி, "இது எங்கயும் போகும்" எண்ட துணிவு. வடக்க கதீட்ரல் வலி எண்டு ஒரு வட்டப் பாதை இருக்கு, 58 மைல் அளவில, ஃப்றெமொன்ட் ஆத்துக்குள்ளால காரை இறக்கித்தான் ஏற வேணும். அந்த மண்ணில பென்ரனைற் களி. நனைஞ்சால் ஊதிப் பருத்து, சில்லுப் பொளி முழுக்க அப்பி, நாலு சில்லும் சேர்ந்து வழுக்கும். வாடகை ஒப்பந்தங்களில பெரும்பாலும் தார் றோட்டை விட்டு இறங்கினால் இன்சூரன்ஸ் இல்லை எண்டு எழுதியிருக்கும். கிராண்ட் வொஷ், கெப்பிட்டல் கோர்ஜ் போறதுக்கும் அந்த வரியை வாசிச்சுப் பாருங்கோ, பராமரிக்கிற மண் றோட்டுக்கு விதிவிலக்கு இருக்கோ எண்டு கவுண்டரில கேளுங்கோ. ஒருத்தர் பின்னால வந்து இழுத்தெடுக்க அங்க சனமும் இல்லை, போன் சிக்னலும் இல்லை. பிள்ளையளோட கதீட்ரல் வலி வேண்டாம்.

தம்பலகாமம்_கராஜ்

கார் எடுக்கேக்க தரிப்பிடத்திலயே பார்க்க வேண்டியது.

டிக்கி அடியைத் தூக்கி ஸ்பெயார் டயர் இருக்கோ எண்டு பாருங்கோ. இப்ப நிறையக் கார்களில டயருக்குப் பதிலா ஒரு சின்ன கொம்பிறஷரும் பசைப் போத்தலும்தான். பசை ஆணித் துவாரத்துக்குச் சரி, பக்கச் சுவர் கிழிஞ்சால் ஒண்டுக்கும் உதவாது. அந்த மண் கிளையளில கூர்க்கல்லு கிழிக்கிறது பக்கச் சுவரைத்தான். ஸ்பெயார் டயர் உள்ள காரைக் கேட்டு வாங்குங்கோ.

காத்து எவ்வளவு எண்டது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில ஒட்டியிருக்கும், பி.எஸ்.ஐ. கணக்கில. அது குளிர்ந்த டயருக்கான கணக்கு. வெப்பம் ஐந்தரைப் பாகை கூடினால் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. ஏறும், குறைஞ்சால் இறங்கும். திருமலையில விடியவும் மத்தியானமும் பெரிய வித்தியாசம் இல்லாததால எங்களுக்கு இது தெரியிறேல்லை. அங்க ஒரே நாளில 15, 20 பாகை ஏறி இறங்கும். 35 வேண்டிய டயரில ஏற்கனவே 5 குறைஞ்சிருந்தால், விடியக் குளிருக்கு இன்னொரு 4 இறங்கி, டாஷ்போட்டில மஞ்சள் லைட் வரும். பதறத் தேவையில்லை, விடியவே ஓடமுதல் அளந்து அடிச்சால் சரி. மத்தியானம் ஓடிச் சூடான டயரில கூட இருக்கெண்டு காத்தைத் திறந்து விடாதையுங்கோ, அடுத்த நாள் விடியக் குறைஞ்சுபோய் நிக்கும்.

பெற்றோல்: யூட்டாவில மலிவா "ரெகுலர்" எண்டு இருக்கிறது 85 ஒக்டேன். பெரும்பாலான கார்ப் புத்தகங்களில குறைஞ்சது 87. மூடியில என்ன எழுதியிருக்கெண்டு பார்த்து அடியுங்கோ. பம்பில கார்ட் போட்டால் அஞ்சல் இலக்கம் கேக்கும், இலங்கைக் கார்ட்டுக்கு அது பொருந்தாமல் தள்ளிவிடும். உள்ளுக்குப் போய் பம்ப் இலக்கத்தைச் சொல்லி முற்பணம் குடுத்து அடிக்கலாம். பூங்காவுக்குள்ள பெற்றோல் ஷெட் இல்லை. டொரிதான் கடைசி, கிழக்க போனால் ஹேங்ஸ்வில், பூங்கா அலுவலகத்தில இருந்து 37 மைல். மொத்தமா 600 மைல் ஓடுவியள் எண்டு வைப்பம். கலனுக்கு 28 மைல் போற கார் எண்டால் 21, 22 கலன், எங்கட கணக்கில 81 லீற்றர். அவையின்ர கலன் 3.785 லீற்றர்.

சோலையடி

நன்றி. வலப்பக்க ஓட்டத்தைப் பற்றி ஒருத்தரும் இன்னும் சொல்லேல்லை. எனக்கு அதுதான் பயம்.

கிண்ணியா_ஓட்டுநர்

முதல் மைல் கணக்கு. பலகையில 65 எண்டா 105 கிலோமீற்றர். காரின்ர மீற்றரும் மைல்லதான் இருக்கும், அதனால ஓடேக்க கணக்குப் பார்க்கத் தேவையில்ல. ஆனா 65 எண்ட இலக்கத்தைக் கண்டு கந்தளாய் றோட்டு 65 மாதிரி மனசு நினைக்கும், வளைவில அது பொய்.

இப்ப பக்கம். ஒரு கோட்டை மனசில பதிங்க: மஞ்சள் கோடு எப்பவும் என்ட இடது கைப்பக்கம். அமெரிக்காவில எதிரும் புதிருமா வாற வாகனங்களைப் பிரிக்கிற கோடு மஞ்சள். ஒரே திசையில போற நிரைகளைப் பிரிக்கிறதும், வலது ஓரமும் வெள்ளை. நம்ம நாட்டில நடுக்கோடு வெள்ளை எண்டதால மூளை வெள்ளையைப் பிடிச்சுக்கொண்டு போகும். மஞ்சள் உங்கட வலப்பக்கம் வந்திட்டா நீங்க பிழையான பக்கம்.

ரெண்டாவது: இங்கயும் அங்கயும் ஓட்டுநர் இருக்கிறது நடு றோட்டுப் பக்கம்தான். வலது தோள் ஓரப் புல்லுக்குக் கிட்ட வந்தா நம்ம நாட்டிலயும் பிழை. அங்க இடது தோள் ஓரத்துக்குக் கிட்ட வந்தா பிழை.

மூணாவது: திரும்பல். வலது திரும்பல் இறுக்கம், இடது திரும்பல் அகலம். இங்க இருக்கிறதுக்கு நேர் மாறு. ரவுண்டபோட்டில வலமாப் போய், மணிக்கூட்டு முள்ளுக்கு எதிரா சுத்தணும்.

ஆக்கள் பிழை விடுறது நெரிசல்ல இல்ல. நெரிசல்ல முன்னுக்குப் போற கார் வழி காட்டும். பிழைக்கிறது வெறும் றோட்டில. படம் எடுக்க ஓரத்தில நிப்பாட்டி, ஏறி, ஒரு வாகனமும் இல்லாத றோட்டுக்குக் காரை எடுக்கேக்க கை பழக்கத்துக்கு இடப்பக்கம் போகும். அடுத்த வளைவில எதிர வாற லொறி வரைக்கும் ஆளுக்கே தெரியாது. பெற்றோல் ஷெட்டால வெளிக்கிடேக்கயும், கோடு இல்லாத மண் றோட்டால ஏறேக்கயும் இதே கதை. அதனால முன் சீட்டில இருக்கிறவருக்கு ஒரு வேலை குடுங்க: கார் நிண்டு எடுக்கிற ஒவ்வொரு முறையும் வாய் திறந்து "வலம்" எண்டு சொல்லணும். முதல் நாள் மட்டும் இல்ல. மூணாம் நாள், பழகிட்டுது எண்டு நினைக்கிற நேரத்திலதான் கூடப் பிழைக்கும்.

கை மாறுற சாமான்: நம்ம ஜப்பான் கார்ல சிக்னல் தண்டு வலது கையில. அங்க இடது கையில. முதல் நாள் சிக்னல் போட நினைச்சு வைப்பர் ஓடும். அது பரவாயில்ல. பரவாயில்லாதது கண்ணாடி: உள்கண்ணாடி வலப்பக்கம் மேல இருக்கும், கண் பழக்கத்துக்கு இடப்பக்கம் தேடும். தரிப்பிடத்துக்குள்ளேயே பத்து நிமிசம் சுத்திப் பழகிட்டு வெளிய எடுங்க.

சட்டத்தில மாறுறது: சிவப்பு விளக்கில, தடைப் பலகை இல்லாட்டி, முழுசா நிப்பாட்டிப் பார்த்துட்டு வலது திரும்பலாம். நாலு பக்கமும் ஸ்டொப் பலகை உள்ள சந்தியில முதல் வந்து நிண்டவர் முதல் போவார், ஒரே நேரம் வந்தா வலப்பக்கம் நிக்கிறவருக்கு வழி. சில்லு முழுக்க நிக்கணும், உருட்டிக்கொண்டு போறது நிப்பாட்டினதா கணக்கில்ல. மஞ்சள் பள்ளிக்கூட பஸ் சிவப்பு லைட் மினுக்கினா, நடுவில பிரிப்பில்லாத சின்ன றோட்டில எதிர்ப்பக்கம் வாறவங்களும் நிக்கணும். ஓடேக்க போன்ல கையால மெசேஜ் அடிச்சா, நம்பர் அமத்தினா குற்றம். ஹோர்ன் அடிச்சு முந்துற வழக்கம் அங்க சண்டைக்குக் கூப்பிடுற மாதிரி.

பொலிஸ் பின்னால லைட் போட்டா வலது ஓரத்தில நிப்பாட்டி உள்ளுக்கே இருங்க. நம்ம ஊர்ல மரியாதைக்கு இறங்கிப் பேப்பரோட போவம். அங்க இறங்கி நடந்தா அவங்க அதை ஆபத்தா எடுப்பாங்க. கண்ணாடியை இறக்கி, ரெண்டு கையும் ஸ்ரியரிங்ல தெரிய வைச்சுக்கொண்டு, கேட்ட பிறகு பேப்பரை எடுங்க.

யூட்டா_திருமலையான்

நானா சொன்னதோட ஒண்டு. பொழுது படேக்க ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில யானைக்குப் பார்த்து ஓட்டுற மாதிரி, டொரிக்கும் பூங்காவுக்கும் இடையில மானுக்குப் பார்க்க வேணும். யானை றோட்டில நிண்டால் தூரத்திலயே தெரியும். மான் ஓரத்தில நிண்டு கடைசி நொடியில பாயும், ஒண்டு பாய்ஞ்சால் பின்னால இன்னும் வரும். வேலியில்லாத மேய்ச்சல் நிலத்தில மாடும் ஏறும். மானுக்காக ஸ்ரியரிங்கை வெட்டாதையுங்கோ, நேராப் பிறேக் பிடியுங்கோ. வெட்டி, வலது சில்லு தார் விளிம்பால கல்லுக்குள்ள இறங்கி, பயத்தில திரும்ப இடப்பக்கம் இழுத்துத்தான் கார் பிரளுறது. சில்லு இறங்கினால் அக்சிலேற்றரை விட்டு, வேகம் குறைஞ்ச பிறகு மெதுவா ஏத்துங்கோ.

ஓர்ஸ்ஹில்_ஆசிரியர்

ஓட்டுவதைப் பற்றி நிறையப் பேசிவிட்டீர்கள். எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் எட்டு மைலும் சிவப்புக் கல் என்றே கடந்துபோகும்.

அந்தப் பெயரில் உள்ள ரீஃப், புறாத்தீவைச் சுற்றியிருக்கும் அதே ரீஃப்தான். கப்பலை மறிக்கும் பாறைத் தொடர் என்ற கடலோடிகளின் சொல்லைத் தரையில் வழி மறிக்கும் மலைச்சுவருக்கும் வைத்தார்கள். மேலே இருக்கும் வெள்ளை நவஹோ மணற்கல் குமிழ்கள் வாஷிங்டன் கெப்பிட்டல் கட்டடத்தின் கவிகை போல் இருப்பதால் கெப்பிட்டல். இந்தச் சுவர் வோட்டர்பொக்கற் மடிப்பு எனப்படும். ஏறக்குறைய 100 மைல் நீளம். 50 முதல் 70 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் நிலம் ஒரு பக்கம் உயர்ந்தபோது, பாயை ஒரு படியின் மேல் விரித்ததுபோல் பாறை அடுக்குகள் மடிந்தன. மேற்குப் பக்கம் கிழக்கைவிட 7,000 அடிக்கு மேல் உயர்ந்தது.

சீனிக் டிரைவில் தெற்கே போகும்போது இடப்பக்கச் சுவரைக் கீழிருந்து மேலாக வாசியுங்கள். அடியில் செங்கபில நிறத்தில் மெல்லிய தட்டுத் தட்டாக மொயென்கோப்பி. அதன் மேல் சாம்பல், ஊதா, பச்சை கலந்த சின்லி. அது களி, ஆகவே சரிவாக இருக்கும். அதன் மேல் செங்குத்தாக நிற்கும் செம்மஞ்சள் சுவர் விங்கேற் மணற்கல், ஒரு காலத்தில் மணற்குன்றுகளாக இருந்தது. அடியில் களி கரையக் கரைய மேலே உள்ள சுவர் தாங்கலின்றிப் பாளமாக உடைந்து விழும். சரிவெங்கும் கிடக்கும் வீட்டளவு கற்கள் அப்படி வந்தவைதான்.

வண்டியை நிறுத்திப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியது மொயென்கோப்பித் தட்டில் உள்ள வரிகள். நிலாவெளியில் அலை பின்வாங்கிய ஈரமணலில் கால் வைத்தால் உள்ளங்காலுக்கு ஒரு நெளிவு தெரியுமே, அதே நெளிவு, அதே விரலிடை அகலம், கல்லாக. ஆழமில்லாத கரையோரச் சேற்றில் 24 கோடி ஆண்டுகளுக்கு முன் தண்ணீர் விட்டுப்போனது. தொட்டுப் பார்க்கலாம், எடுத்து வரக்கூடாது. பூங்காவில் ஒரு கல்லும் எடுப்பது குற்றம்.

நேரம்: அந்தச் சுவர் மேற்குப் பார்த்தது. காலையில் போனால் நிழலில் கிடக்கும். பிற்பகல் மூன்றரை நாலுக்குப் பிறகு போங்கள்.

யூட்டா_திருமலையான்

ஐயா சொன்ன நேரம் சரி. கிளை ரெண்டையும் சேர்த்து ஒன்றரை மணித்தியாலம் ஓட்டம், நடக்கிறது தனி. கெப்பிட்டல் கோர்ஜ் முடிவில கார் விட்டு நடந்தால் அரை மைலில பழைய ஆக்கள் சுவரில வெட்டின பேர்கள் இருக்கு, பழசு 1871. கார் போற பிரதான பாதையே 1962 வரைக்கும் அந்த இடுக்குக்குள்ளாலதான் போனது. பிறகுதான் ஆத்தோரமா 24 வந்தது. பேர் வெட்டுற ஆசை பிள்ளையளுக்கு வரும், இப்ப அது குற்றம். இன்னும் அரை மைல் போய் ஏறினால் பாறைக் குழியளில மழைத் தண்ணி. அதுக்குள்ள கை காலைக் கழுவ வேண்டாம், சன் கிறீம் பட்டாலே அந்தச் சின்ன உயிர்கள் செத்துப்போம்.

நிலாவெளி_வழிகாட்டி

கிராண்ட் வொஷ், கெப்பிட்டல் கோர்ஜ் ரெண்டும் மழை நேரம் ஆறாகுமாமே. மழை விட்டு ஒரு மணித்தியாலம் பார்த்துட்டுப் போனால் சரிதானே?

யூட்டா_திருமலையான்

இல்லை தம்பி, இந்தக் கணக்கு ஆளைக் கொல்லும். நீங்கள் நிக்கிற இடத்தில மழை பெய்ய வேணும் எண்டே இல்லை. இருபது மைலுக்கு அங்கால மேட்டில பெய்தால் போதும். எங்கட மண் தண்ணியைக் குடிக்கும், குளம் பிடிக்கும், வான் பாய நேரம் எடுக்கும். அங்க வெறும் பாறை. விழுகிற ஒவ்வொரு துளியும் அப்பிடியே உருண்டு இடுக்குக்குள்ள வந்து சேரும். தலைக்கு மேல நீல வானம் இருக்கேக்க, சேறும் மரக்கட்டையும் கல்லுமா ஒரு சுவர் மாதிரி வரும். ரெண்டு பக்கமும் செங்குத்து, ஏற வழியில்லை.

வருசத்துக்கு அங்க மொத்தமே 200 மில்லிமீற்றர் அளவில மழை. திருமலைக்கு 1,500க்கு மேல. ஆனால் அந்தக் கொஞ்சமும் ஜூலை தொடக்கம் செப்டெம்பர் வரை பின்னேர இடிமழையா ஒரேயடியாக் கொட்டும். அதனால: விடிய அலுவலகத்தில வெள்ள எச்சரிக்கைப் பலகையைப் பாருங்கோ, காவலரிட்ட வாயால கேளுங்கோ. இடிமழைக்குச் சாத்தியம் எண்டால் ரெண்டு கிளைக்குள்ளும் போகாதையுங்கோ, தார் றோட்டோட நில்லுங்கோ. உள்ளுக்கு நிக்கேக்க தூர இடி கேட்டால், தண்ணி நிறம் மாறினால், காரையும் பையையும் விட்டிட்டுப் பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு உயரத்துக்கு.

தம்பலகாமம்_கராஜ்

சப்பாத்துப் பாலத்தால தண்ணி பாயேக்க ஓட்டிப் பழகின எங்கட ஆக்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேணும். ஓடுற தண்ணி 15 சென்ரிமீற்றர் போதும் ஆளைச் சரிக்க. 30 சென்ரிமீற்றர் சின்னக் காரை மிதக்க வைக்கும். 60 எண்டால் ஜீப்பும் போகும். கார் மிதக்கிறது காத்து அடைச்ச பெட்டி எண்டதால. நாலு சில்லு இழுவை, சில்லு நிலத்தில முட்டினால்தானே வேலை செய்யும்? அதோட அங்க தண்ணிக்கு அடியில றோட்டு இருக்கோ எண்டும் தெரியாது, அரிச்சுக்கொண்டு போயிருக்கும்.

நிலாவெளி_வழிகாட்டி

விளங்கிச்சு அண்ணை. ஒரு மணித்தியாலக் கதையைத் திருப்பி எடுக்கிறன்.

குடிதண்ணி பற்றி யாரும் சொல்லேல்லை. ஆளுக்கு நாளைக்கு ஒரு கலன், அதாவது 4 லீற்றருக்குக் கொஞ்சம் குறைய. நாலு பேர், ரெண்டு நாள் எண்டால் 30 லீற்றர் காருக்குள்ள இருக்க வேணும். "எங்களுக்கு வெய்யில் பழக்கம்" எண்டு திருமலை ஆக்கள் ஏமாறுற இடம் இது. ஜூலையில அங்க சராசரிப் பகல் வெப்பம் 33 பாகை அளவில, எங்கட ஊர் மாதிரித்தான், செப்டெம்பரில அதைவிடக் குறைவு. ஆனால் எங்களுக்கு வேர்வை சட்டையில ஒட்டும், தாகம் எடுக்கும். அங்க வேர்க்கிறது தெரியாமலே காய்ஞ்சிடும். கச்சான் காத்து வீசுற நாளில உதடு வெடிக்குமே, அதை முழு நாளுக்கும் நினையுங்கோ. தலையிடி வந்தால் பாதி வேளை அது தண்ணிக் குறை. தனித் தண்ணியும் கூடாது, உப்புப் பிஸ்கற், ஜீவனி மாதிரி ஏதாவது சேர்த்துக் குடுங்கோ.

போனில பூங்காச் சேவையின்ர செயலியை இறக்கி, கெப்பிட்டல் ரீஃபைத் தெரிவு செய்து, இணையமில்லாப் பாவனைக்கெண்டு சேமிச்சு வையுங்கோ. கூகுள் மப்பும் அப்பிடியே. சோல்ட் லேக்கிலேயே செய்ய வேணும். பூங்காவுக்குள்ள போய்த் தேடினால் ஒண்டும் திறக்காது.

சோலையடி

இப்பிடிப் போட்டிருக்கிறன், பிழை இருந்தால் திருத்துங்கோ. சனி விடிய 8 மணிக்கு சோல்ட் லேக்கில வெளிக்கிட்டு மத்தியானம் டொரி. ரெண்டு மணிக்குப் பூங்கா அலுவலகம், 1896இல கட்டின பள்ளிக்கூடம், பாறைச் சித்திரம். மூண்டரைக்கு சீனிக் டிரைவ். பொழுது பட பனோரமா முனை. ஞாயிறு விடிய ஹிக்மன் பாலம் எண்ட இயற்கைக் கல்லுப் பாலத்துக்கு நடை, பூங்காவுக்குள்ள இருக்கிற பழத்தோட்டம், பின்னேரம் 12ஆம் இலக்க றோட்டால போல்டர் பக்கம் ஒரு ஓட்டம். திங்கள் திரும்பல். சாப்பாட்டுச் சாமான் ஞாயிறு டொரியில வேண்டுவம்.

யூட்டா_திருமலையான்

சனி சரி. பொழுது ஏழேகால் அளவில படும், பனோரமா முனையில இருந்து கூஸ்நெக்ஸ் எண்ட பார்வையிடம் மண் றோட்டால கிட்ட, ஒரு மைலுக்குள்ள. அங்க 800 அடி கீழ சல்ஃபர் ஓடை நெளிஞ்சு போகும். விளிம்பில கம்பி எல்லா இடமும் இல்லை, சின்னவரைக் கையில பிடிச்சுக்கொள்ளுங்கோ.

ஹிக்மன் பாலம் போக 0.9 மைல், வர 0.9. ஏற்றம் 400 அடி. அலுவலகமே 5,500 அடியில, கடல் மட்டத்தில இருந்து போற ஆக்களுக்கு மூச்சு வாங்கும். 9 மணிக்கு முதல் போங்கோ, தரிப்பிடம் சின்னன். பாலம் 133 அடி அகலம். பழத்தோட்டத்தில உள்ளுக்கு நிண்டு சாப்பிடுறதுக்குக் காசில்லை, வெளிய கொண்டுபோறதுக்கு நிறுத்துக் காசு கட்ட வேணும். பறிக்கலாம் எண்டு பலகை போட்ட தோட்டத்தில மட்டும். அந்த நேரம் அப்பிள் இருக்கும், பீச் முடிஞ்சிடும்.

12ஆம் றோட்டு போல்டர் மலையில 9,600 அடி ஏறுது. பிதுருதலாகலையே 8,281 அடிதான். செப்டெம்பர் கடைசியில அங்க பனி விழலாம். டொரியே நுவரெலியாவைவிட உயரம், இரவில ஆளுக்கொரு தடிச்ச ஜக்கெற் வேணும். இறங்கேக்க பிறேக்கை மிதிச்சுக்கொண்டே வராமல் கியரைக் குறைச்சு வாங்கோ, கடுகண்ணாவையில செய்யிற மாதிரி. இருட்ட முதல் திரும்பிடுங்கோ.

பிழை ஒண்டுதான். ஞாயிறு. யூட்டாவின்ர சின்ன ஊர்களில ஞாயிற்றுக்கிழமை கனக்கக் கடையள் பூட்டு. அரிசி, பழம், தண்ணி, பிள்ளையளின்ர பால் எல்லாம் சனி வெளிக்கிட முதல் சோல்ட் லேக்கிலேயே ஏத்துங்கோ. பெற்றோலும் சனி இரவே டொரியில நிரப்பி விடுங்கோ.

சோலையடி

எல்லாத்தையும் வெள்ளி இரவே ஏத்தி வைக்கிறம். 30 லீற்றர் தண்ணி பின் சீட்டுக்குக் கீழயா, டிக்கிக்கா?

தம்பலகாமம்_கராஜ்

டிக்கியில, பின் சீட்டின் முதுகோட ஒட்டி, அடியில. மேல அடுக்க வேண்டாம், சடுதியாப் பிறேக் பிடிச்சால் முன்னுக்கு வரும். 5 லீற்றர் மட்டும் பிள்ளையளின்ர கைக்கு எட்டுற இடத்தில.